பொறியியல் வரைபடங்களிற் குறிப்பெழுத்து

ஒரு பொருளைச் செய்விக்க விரும்புவோர் தம் கருத்தினைச் செய்வோர்க்கு உணர்த்துதற்கு மூன்று வழிகள் உள. அருகிருந்து வாயினாற் சொல்லுதல் ஒன்று. முன்னரே செய்யப்பட்ட ஒன்றைக் காட்டி, 'இதுபோற் செய்க' எனல் மற்றொன்று. வரைபடம் வரைந்து கொடுத்தல் மூன்றாவது. முதலிரண்டும் இருவரும் ஓரிடத்தே கூடியிருக்கும்போது மாத்திரம் பயன்படுவன. ஐயம் நிகழுமிடத்துக் கேட்டுத் தெளிதல் ஆங்கு எளிது. மூன்றாவது அத்தகையதன்று. வரைந்தவர் ஓரூரில் இருக்க, செய்பவர் வேறோரூரில் இருப்பார். வரைந்தவர் வேலையை விட்டு நீங்கிய பின்னரும், ஏன், இவ்வுலகை நீத்த பின்னரும், அவ்வரைபடத்தைக் கொண்டு பழுது பார்ப்போர் இருப்பர். ஆதலின், வரைபடம் பிறர் துணையின்றித் தன்னைத் தானே விளக்குதல் வேண்டும். கேட்டுத் தெளிய வழியில்லாத ஒருவர்க்காக எழுதப்படும் எழுத்து எவ்வாறு அமைதல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் பொருளாகும்.

பிரான்சு நாட்டுக் கணித அறிஞராகிய கஸ்பார் மொஞ்சு என்பார் 1795 ஆம் ஆண்டிற் பாரிசு நகரில் நிகழ்த்திய விரிவுரைகளின் வாயிலாக, கனவடிவப் பொருள்களைத் தளங்களின்மீது எறியங்களாக வரைந்து காட்டும் முறை ஒழுங்கான ஒரு கணிதத்துறையாக வெளிப்பட்டது. அன்று தொட்டு, ஒரு பொருளின் வடிவத்தைக் கோட்டினால் ஐயமறக் காட்டுதல் இயல்வதாயிற்று. கோடு வடிவத்தைக் கூறும். கோட்டின் மேல் இடப்படும் எண் அளவைக் கூறும். எனினும், அப்பொருள் வார்ப்பிரும்பினால் ஆயதோ உருக்கினால் ஆயதோ, அதன் மேற்பரப்பிற்கு யாது பூச்சு இடல் வேண்டும், அதுபோன்ற துளைகள் எத்தனை, அளவுகள் எந்த அலகில் உள்ளன என்பனவற்றைக் கோடு கூறமாட்டாது, எண்ணும் கூறமாட்டாது. இவற்றைக் கூறுவது குறிப்பு. வரைபடத்தின் எஞ்சிய பகுதிகளைக் கண்டு உய்த்துணரலாம். குறிப்பை வாசித்தே அறிதல் வேண்டும்.

இப்பொருளில் எனக்கு அக்கறை உண்டாயது நூல்களினால் அன்று. யான் செய்த பிழையொன்றினால். வெளிவாரி மாணவனாகப் பட்டப் பரீட்சைக்குப் படித்த காலத்தில், செலவுக்குப் பொருள் வேண்டிக் கட்டட ஒப்பந்தகாரர் ஒருவரிடம் வரைபடங்களைப் படியெடுக்கும் வேலை பார்த்தேன். தண்ணீர்த் தொட்டியொன்றைத் தாங்கும் கொங்கிறீற்று வளையின் குறிப்பில், கீழ்ப்பக்கக் கம்பிகளின் விட்டம் 16 மில்லிமீற்றர் என எழுதல் வேண்டியிருந்தது. அவ்வாறே எழுதினேன். ஆயின் விரைந்து எழுதிய ஆறின் வால் குறுகியும் வயிறு பெருத்தும் அமைந்துவிட்டன. அப்படத்திற்கு ஒளிப்பிரதி எடுக்கப்பட்டது. அப்பிரதியிலிருந்து மீண்டும் பிரதி எடுக்கப்பட்டது. வேலைத்தலத்தை அடைந்த தாளில் 16 என்பது 10 ஆகியிருந்தது. கொங்கிறீற்று இடுவதற்கு முதல்நாள், கம்பி கட்டும் முதியவர் ஒருவர் அத்தாளுடன் அலுவலகத்திற்கு வந்து, "தம்பி, உந்தத் தொட்டியின்ரை பாரத்துக்குப் பத்து எம்.எம். கம்பி காணுமோ?" என்று கேட்டார்.

16 மில்லிமீற்றர் விட்டமுள்ள கம்பியின் குறுக்குவெட்டுப் பரப்பு ஏறக்குறைய 201 சதுர மில்லிமீற்றர். 10 மில்லிமீற்றர்க் கம்பியினதோ 79 மாத்திரமே. வேண்டிய இரும்பில் ஐந்தில் இரண்டு பங்குதானும் அவ்வளையினுள் இருந்திராது. அம்முதியவரின் அனுபவமே அதனைக் காத்தது. என் எழுத்து அதனைக் காக்கவில்லை. அறிவுடையார் ஒருவர் ஐயுற்றுக் கேட்டமையால் அன்று பிழை நீங்கிற்று. எல்லா வேலைத்தலங்களிலும் அத்தகையார் ஒருவர் இருப்பார் என்று நம்பி எழுதுதல் தகாது.

குறிப்பின் வகையும் மொழியும்

குறிப்புக்கள் இருவகைப்படும். வரைபடம் முழுவதற்கும் உரியன பொதுக்குறிப்புக்கள். 'எல்லா அளவுகளும் மில்லிமீற்றரில் உள்ளன', 'கூரிய விளிம்புகளை நீக்குக' என்பன போல்வன அவை. இவை தலைப்புக் கட்டத்தின் அருகே, எண்ணிடப்பட்டு, ஓரிடத்திலே தொகுத்து எழுதப்படும். ஒரு துளைக்கோ ஒரு பரப்பிற்கோ மாத்திரம் உரியன இடக்குறிப்புக்கள். இவற்றினின்று சுட்டுகோடு ஒன்று புறப்பட்டு உரிய இடத்தைச் சென்றடையும். சுட்டுகோடு பொருளின் விளிம்பிலே முடியுமாயின் அம்புமுனையும், பரப்பின் உள்ளே முடியுமாயின் புள்ளியும் இடுதல் மரபு. அது குறிப்பின் முதற்சொல்லின் முன்னிருந்தாயினும் இறுதிச்சொல்லின் பின்னிருந்தாயினும் புறப்படல் வேண்டுமேயன்றி, நடுவிலிருந்து புறப்படலாகாது. கிடையாகவோ நிலைக்குத்தாகவோ செல்லின் பொருளின் கோடுகளோடு மயங்குமாதலின், அது சாய்வாகவே வரையப்படும்.

குறிப்பின் மொழி ஏவல் மொழி. காரணங் கூறுதலும், வேண்டுகோள் விடுத்தலும், ஒரே செய்தியை ஈரிடத்திற் கூறுதலும் அதற்கு ஆகா. ஈரிடத்திற் கூறிய செய்தியுள் ஒன்று பின்னர்த் திருத்தப்பட்டு மற்றையது திருத்தப்படாது விடப்படின், எது மெய்யென அறிய வழியில்லை. முற்காலத்துக் குறிப்புக்கள் 'இன்ன கருவியாற் துளைக்க', 'இன்ன கருவியாற் கடைக' எனச் செய்யும் முறையையும் விதித்தன. இக்காலத்தார், துளையின் விட்டத்தையும் அதிலே ஏற்கத்தக்க ஏற்றத்தாழ்வையும் கூறி, செய்யும் முறையைப் பெரும்பாலும் செய்வோரிடமே விட்டுவிடுவர். ஆகவே குறிப்பிற் சொற்கள் அருகின. எண்ணும் குறியீடும் பெருகின. சொல்லில் ஓரெழுத்துச் சிதையினும் ஏனைய எழுத்துக்கள் அதனை உணர்த்திவிடும். எண்ணில் ஓரிலக்கம் சிதையின் உணர்த்துவார் இலர். பதினாறு பத்தாயினும் அது செம்மையான எண்ணாகவே தோன்றும். எழுத்தமைதியின் இன்றியமையாமை இதனாற் புலப்படும்.

நீலப் பிரதி கற்பித்த பாடம்

குறிப்பெழுத்தின் விதிகள் அழகு கருதி எழுந்தனவல்ல. பிரதியெடுக்கும் முறைகளிலிருந்து எழுந்தன. ஆங்கில அறிஞர் யோன் ஹேர்ஷல் என்பார் 1842 ஆம் ஆண்டிற் கண்டறிந்த ஒளிப்பட முறையொன்று, அந்நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து வரைபட அலுவலகங்களிலே பெருவழக்காயிற்று. அமோனியம் இரும்புச் சித்திரேற்றும் பொற்றாசியம் பெரிசயனைட்டும் பூசிய கடதாசியின்மீது, ஒளி ஊடுருவத்தக்க துணியிலோ தாளிலோ மையினால் வரைந்த மூலப்படத்தை வைத்து வெயிலிற் காட்டுவர். ஒளிபட்ட இடம் நீலமாகும். மைக்கோடு ஒளியை மறைத்த இடம், நீரிற் கழுவியபின் வெள்ளையாக நிற்கும். வெண்கோடுகள் நீலப் புலத்தில் விளங்கும் இப்பிரதியே நீலப் பிரதியாகும்.

இம்முறையில் மெல்லிய கோடும் மை குறைந்த கோடும் ஒளியை முற்றாகத் தடுக்கமாட்டா. அவை பிரதியில் மங்கும் அல்லது மறையும். புத்தகங்களில் அச்சிடப்படும் உரோம எழுத்துக்களோ தடித்த கோடும் மெல்லிய கோடும் விரவியன. கோட்டின் நுனிகளிற் சிறு கொடுக்குகளும் உடையன. அவற்றை அவ்வாறே வரைபடத்தில் எழுதினால், தடித்த பகுதி நிற்க மெல்லிய பகுதி அழியும். ஆதலின் எங்கும் ஒரே தடிப்புடைய, கொடுக்கு இல்லாத எழுத்தே வரைபடத்துக்கு உரியதாயிற்று. ஒற்றைக்கோட்டெழுத்து என்பது இதுவே. இப்பெயரைக் கேட்கும் மாணவர் சிலர், பேனாவை எடுக்காது ஒரே வீச்சில் எழுதல் வேண்டும் போலும் என மயங்குவர். அஃது அன்று. எழுத்தின் உறுப்பு ஒவ்வொன்றன் தடிப்பும் பேனா ஒருமுறை செல்வதனாலேயே அமையும் என்பது அதன் பொருள். அமெரிக்காவில் 'என்ஜினியரிங் நியூஸ்' இதழின் தலைமைப் படவரைஞராய் இருந்த சாள்ஸ் றைன்ஹாட் என்பார் 1893 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல், ஒவ்வோர் எழுத்தையும் இன்ன கோடு முன்னும் இன்ன கோடு பின்னுமாக எழுதும் ஒழுங்கினை வகுத்துக் காட்டிற்று. அதன்பின் எழுந்த பாடநூல்கள் பலவும் அவ்வழியையே பின்பற்றின.

நீலப் பிரதியிலிருந்து வந்த மற்றொரு வழக்கும் உண்டு. நீரிற் கழுவி உலர்த்தப்படும் கடதாசி சுருங்கும். அச்சுருக்கம் எல்லாத் திசையிலும் ஒரே அளவினதாய் இராது. ஆகவே பிரதியின் மேல் அடிமட்டத்தை வைத்து அளந்தால் அளவு பிழைக்கும். 'வரைபடத்தை அளந்து அளவு கொள்ளற்க. எழுதிய அளவையே கொள்க' என்னும் பொதுக்குறிப்பிற்கு இதுவும் ஒரு காரணமாகும். நீலப் பிரதி வழக்கொழிந்த பின்னரும் அக்குறிப்பு நிலைத்திருப்பது, கோட்டினும் எழுத்தே நம்பத்தக்கது என்னும் உடன்பாட்டினாலாகும். அவ்வாறு நம்பப்படும் எழுத்து எத்துணைத் தெளிவாய் இருத்தல் வேண்டும் என்பதனை ஓர்ந்து கொள்க.

நியமங்களும் அளவுகளும்

ஒவ்வோர் அலுவலகமும் தனக்கென ஒரு வழக்கினைக் கொண்டிருந்த காலம் நெடிது. பிரித்தானியாவில் வரைபட அலுவலக நடைமுறைக்கென 308 ஆம் இலக்க நியமம் 1927 ஆம் ஆண்டில் வெளியாயிற்று. பலமுறை திருத்தப்பட்டு வழங்கிய அந்நியமம் 2000 ஆம் ஆண்டிற் கைவிடப்பட்டு, அதனிடத்தை 8888 ஆம் இலக்க நியமம் பெற்றது. அமெரிக்க நியமம் 1935 ஆம் ஆண்டில் உண்டாயிற்று. 1947 இல் தொடங்கிய சர்வதேச நியமங்கள் நிறுவனம், வரைபட எழுத்திற்கென 3098 ஆம் இலக்க நியமத்தின் முதற்பகுதியை 1974 ஆம் ஆண்டில் வெளியிட்டது.

அந்நியமம் எழுத்தின் உயரத்தை 2.5, 3.5, 5, 7, 10, 14, 20 மில்லிமீற்றர் என வரிசைப்படுத்துகின்றது. இவ்வெண்கள் எழுந்தமானமாகத் தெரிந்தெடுக்கப்பட்டனவல்ல. ஒவ்வொன்றும் அதன் முன்னையதை இரண்டின் வர்க்கமூலத்தாற் பெருக்கப் பெறும் எண்ணை ஏறக்குறைய ஒத்தது. ஜேர்மனியில் 1922 ஆம் ஆண்டில் நியமமாக்கப்பட்டுப் பின்னர் உலகெங்கும் பரவிய ஏ-வரிசைக் கடதாசிகளின் பக்கங்களும் இதே விகிதத்தில் அமைந்தன. ஏ-1 தாளில் 7 மில்லிமீற்றர் உயரமாக எழுதிய எழுத்து, ஏ-2 தாளிற்குச் சுருக்கப்படும்போது 5 மில்லிமீற்றராகவும், ஏ-3 தாளில் 3.5 மில்லிமீற்றராகவும் ஆகும். சுருங்கிய எழுத்தும் நியம எழுத்தாகவே நிற்கும். எழுத்துக்கோட்டின் தடிப்பு ஒருவகையில் உயரத்தில் பத்திலொரு பங்கும், மற்றொருவகையிற் பதினான்கிலொரு பங்கும் ஆகும். முதல்வகைப்படி 7 மில்லிமீற்றர் எழுத்திற்கு 0.7 பேனாவும், 5 இற்கு 0.5 பேனாவும், 3.5 இற்கு 0.35 பேனாவும் உரியன. தாள், எழுத்து, பேனா மூன்றும் ஒரே கணிதத்திற்கு உட்பட்டமை கண்டு மகிழத்தக்கது.

ஏனைய அளவுகளையும் அந்நியமம் உயரத்தைக் கொண்டே வகுக்கின்றது. கோட்டின் தடிப்புப் பத்திலொன்றாகும் வகையில், எழுத்திற்கும் எழுத்திற்கும் இடைவெளி உயரத்திற் பத்தில் இரண்டு. சொல்லிற்கும் சொல்லிற்கும் பத்தில் ஆறு. அடிக்கோட்டிற்கும் அடுத்த வரியின் அடிக்கோட்டிற்கும் குறைந்தது பத்திற் பதினான்கு. அருகருகே உள்ள இரு கோடுகளுக்கு நடுவே கோட்டுத் தடிப்பில் இருமடங்கேனும் வெளி இருத்தல் வேண்டும் என்பது இவற்றின் உயிர்நாடியாகும். அவ்வெளி குறைந்தாற் பிரதியில் இரு கோடுகளும் ஒன்றாகிவிடும். பெரிய வரைபடங்களை மைக்குரோபிலிம் சுருளிற் பதித்துச் சேமிக்கும் வழக்கம் சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியிலே பரவியபோது இதன் அருமை நன்கு விளங்கிற்று. 30 மடங்கு சுருக்கப்படும் 3.5 மில்லிமீற்றர் எழுத்து, படலத்தில் ஒரு மில்லிமீற்றரின் எட்டிலொரு பங்கினும் சிறிதாகும். அதனை மீண்டும் பெருப்பித்து வாசிப்போர்க்கு எழுத்தினுள் இருந்த வெளியே துணை.

பேரெழுத்துக்களால் எழுதும் மரபிற்கும் காரணம் இதுவே. அந்நியமத்தின்படி உரோமச் சிற்றெழுத்தின் உடல், பேரெழுத்தின் உயரத்தில் பத்தில் ஏழு பங்கு மாத்திரமே. ஒரே உயரமுள்ள வரியிற் பேரெழுத்துக்குக் கிடைக்கும் இடம் மிகுதி. ஆயினும் அலகுகளின் குறியீடுகள் இவ்விதிக்குப் புறனடை. மில்லியைக் குறிக்கும் சிற்றெழுத்து 'எம்' பேரெழுத்தாக எழுதப்படின் மெகாவைக் குறிக்கும். ஆயிரத்திலொன்று பத்து இலட்சமாகிவிடும். ஆகவே குறிப்பு முழுவதும் பேரெழுத்தாயினும் அலகு தனக்குரிய வடிவிலேயே நிற்றல் வேண்டும்.

மயங்கும் வடிவங்கள்

சில எழுத்துக்களும் எண்களும் இயல்பாகவே ஒன்றையொன்று ஒப்பன. உரோம 'ஐ' என்னும் எழுத்து ஒன்று என்னும் எண்ணையும், 'ஓ' சுழியத்தையும், 'எஸ்' ஐந்தையும், 'பீ' எட்டையும், 'இசட்' இரண்டையும் ஒக்கும். அமெரிக்க நியமம், அளவுகளுக்கு ஆதாரமாகும் தளங்களைப் பெயரிடும்போது 'ஐ', 'ஓ', 'கியூ' என்னும் மூன்றையும் விலக்கிவிடுகின்றது. மயக்கம் தரும் எழுத்தைத் திருத்தமாக எழுதுக எனல் ஒரு முறை. அதனை வழங்கவே வேண்டா எனல் மற்றொரு முறை. பின்னையதே பாதுகாப்பானது. ஆயின் எண்களை விலக்கவியலாது. ஆகவே அவற்றின் வடிவிலே கருத்துச் செலுத்தல் வேண்டும். மூன்றின் இரு வளைவுகளும் நன்கு திறந்திருத்தல் வேண்டும், மூடின் எட்டாகும். ஐந்தின் மேற்கோடு நேராக நிற்றல் வேண்டும், வளையின் ஆறாகும். ஆறினதும் ஒன்பதினதும் வால்கள் நீண்டு விலகி நிற்றல் வேண்டும். குறுகிச் சுழியின் சுழியமாகும். என் பிழை இக்கடைசி வகையைச் சேர்ந்தது.

தசமப் புள்ளி இவையெல்லாவற்றினும் அஞ்சத்தக்கது. அஃது அழியின் 2.5 என்பது 25 ஆகும். ஆகவே அதனைக் கருமையாகவும் பெரிதாகவும் இட்டு, இருபுறமும் வெளி விடுதல் வேண்டும். ஐரோப்பிய நாடுகள் பலவற்றிலும் சர்வதேச நியமத்திலும் புள்ளிக்குப் பதிலாகக் காற்புள்ளி இடப்படுவதையும் மாணவர் அறிந்திருத்தல் நன்று. மில்லிமீற்றரில் ஒன்றிற் குறைந்த அளவை எழுதும்போது புள்ளிக்கு முன் சுழியம் இடப்படும். .5 என்பதிலுள்ள புள்ளியைத் தூசியென வாசிப்போர் கருதலாம், 0.5 என்பதில் அவ்வையத்திற்கு இடமில்லை.

அளவெண்ணின் கீழ் அழகுக்காகக் கோடிடலும் ஆகாது. கீழ்க்கோடிட்ட அளவு, 'இவ்வளவிற்கேற்பப் படம் வரையப்படவில்லை' என்பதைக் குறிக்கும் மரபுக் குறியாகும். அறியாது இட்ட கோடு பொய்ச்சாட்சி கூறும்.

எழுதும் முறை

கையினால் எழுதும் மாணவர் மேற்கொள்ளத்தக்க ஒழுங்கு வருமாறு. வடிவக்கோடுகளும் அளவுக்கோடுகளும் வரைந்து முடித்த பின்னரே குறிப்புக்களை எழுதுக. முதலில் எழுதின் கையும் மூலைமட்டமும் உராய்ந்து எழுத்து மாசுபடும். எழுதுமிடத்தைக் கோடுகள் கடவாதவாறு தெரிந்து கொள்க. வெட்டுமுகச் சாய்கோடுகளின் நடுவே எண் எழுத நேரின், அவ்விடத்துச் சாய்கோடுகளை நிறுத்தி வெளி உண்டாக்குக. வன்மையான பென்சிலால் மிக மெல்லிய வழிகாட்டிக்கோடுகள் இரண்டு வரைந்து, அவ்விரண்டையும் தொடுமாறு சற்று மென்மையான பென்சிலால் எழுதுக. பழகிய படவரைஞரும் வழிகாட்டிக்கோடின்றி எழுதார். தாளின் கீழ்ப்பக்கத்திலிருந்து வாசிக்குமாறு குறிப்புக்களைக் கிடையாகவே எழுதுக. நிமிர்ந்த எழுத்தாயினும் சாய்ந்த எழுத்தாயினும் ஒன்றை மேற்கொள்க. ஒரே தாளில் இரண்டையும் கலவற்க. சர்வதேச நியமத்தின்படி சாய்வெழுத்துக் கிடைக்கோட்டிற்கு 75 பாகையிற் சாய்ந்திருக்கும்.

இடைவெளியைப் பற்றி ஒரு நுட்பம் உண்டு. எழுத்துக்களுக்கு இடையிலுள்ள தூரம் ஒன்றாயிருந்தாற் போதாது. இடையிலுள்ள பரப்பு ஒன்றாகத் தோன்றல் வேண்டும். 'எல்' என்னும் எழுத்தின் பின் 'ஏ' வரும்போது நடுவிலே பெருவெளி தோன்றுமாதலின், அவ்விடைவெளியைப் பாதியாக்கலாம் என நியமமே இசைவு தருகின்றது. இங்கு அடிமட்டத்தினும் கண்ணே அளவுகோல்.

தமிழிற் குறிப்பெழுதுதல்

தமிழ்மொழி மூலம் தொழினுட்பப் பாடங்களைக் கற்பிக்கும் நாம், மேற்கூறியவற்றைத் தமிழெழுத்துக்கு எவ்வாறு பொருத்துவது எனச் சிந்தித்தல் கடனாகும். தமிழிற் பேரெழுத்து இல்லை. 'கீ' போன்றன வரிக்கு மேலே எழும். 'ழ', 'கு' போன்றன கீழே இறங்கும். ஆகவே உரோமப் பேரெழுத்துக்குக் கூறிய வரியிடைவெளி தமிழுக்குப் போதாது. அதனினும் மிகுதியாக விடல் வேண்டும். காலும் ரகரமும் தம்முள் மயங்காதவாறு ரகரத்தின் கீழ்ச்சாய்வு தெளிவாகத் தோன்றல் வேண்டும். மெய்யெழுத்தின் புள்ளியைத் தசமப் புள்ளிபோலவே கருதிப் பேணல் வேண்டும்.

ஓர் உதாரணம் கூறுவேன். 'ஒட்டு வேலை' என்பது இரும்பை இரும்போடு இணைப்பது. 'ஓட்டு வேலை' என்பது கூரைக்கு ஓடு வேய்வது. கூரைப்படம் ஒன்றில் இவ்விரண்டும் அடுத்தடுத்து வரக்கூடியன. இவற்றை வேறுபடுத்துவது முதலெழுத்தின் அடியிலுள்ள சிறு சுழி ஒன்றே.

இவ்விடர் நமக்குப் புதிதன்று. மெய்களும் எகர ஒகரக் குறில்களும் புள்ளி பெறும் எனத் தொல்காப்பியம் விதித்திருந்தும், ஓலை துளைபடும் என அஞ்சி ஏடெழுதுவோர் புள்ளியிடாது விட்டனர். குறிலும் நெடிலும் ஏட்டில் ஒரே வடிவாக நின்றன. இவற்றை வடிவால் வேறுபடுத்தும் இன்றைய முறையைச் செய்தவர் வீரமாமுனிவர் என்பர். ஏட்டுச்சுவடிகளை ஒப்புநோக்கி அச்சேற்றிய சி. வை. தாமோதரம்பிள்ளை முதலியோர் உழைப்பின் அருமை இதனால் உணரப்படும். செய்யுளுக்கு யாப்பு உண்டு, பொருட்டொடர்பு உண்டு, உரையாசிரியர் உண்டு. அவற்றைத் துணையாகக் கொண்டு அறிஞர் மெய்ப்பாடத்தை மீட்டனர். வரைபடக் குறிப்பிலுள்ள எண்ணுக்கு இத்துணைகளுள் ஒன்றேனும் இல்லை.

கணினி வந்த பின்னர்

இன்று வரைபடங்கள் பெரும்பாலும் கணினியிலே வரையப்படுகின்றன. 'ஓட்டோகாட்' என்னும் மென்பொருள் 1982 ஆம் ஆண்டில் வெளிவந்தது. எழுத்தைக் கணினி எழுதுமாகலின் இனி இவ்விதிகள் வேண்டா எனக் கூறுவாரும் உளர். அவர் கூற்று ஆராயத்தக்கது.

கணினி எழுதும் ஆறு என்றும் ஆறாகவே இருக்கும் என்பது மெய். ஆயின் பிழை வேறிடத்திற்கு நகர்ந்துளது. ஐம்பதிலொன்றாகச் சுருங்கும் படத்தில், தாளில் 3.5 மில்லிமீற்றர் உயரமாக எழுத்துத் தோன்றல் வேண்டுமாயின், பொருளின் மெய்யளவிலே வரையும் வெளியில் அதனை 175 மில்லிமீற்றராக அமைத்தல் வேண்டும். இதனை மறப்போர் பலர். ஏ-1 தாளுக்கென வரைந்த படத்தைச் செலவு கருதி ஏ-3 தாளில் அச்சிடுவோர் அவரினும் பலர். அப்போது 3.5 மில்லிமீற்றர் எழுத்து 1.75 மில்லிமீற்றராகும், வேலைத்தலத்து வெயிலிலே, சீமெந்து படிந்த தாளில் அதனை வாசிப்பவரின் இடரை, குளிரூட்டிய அறையிலே திரையைப் பெருப்பித்து வாசிப்பவர் அறியார். அன்றியும், ஒரு கணினியிலுள்ள எழுத்துரு மற்றொன்றில் இல்லாதபோது, வட்டத்தைச் சாய்கோடு வெட்டும் விட்டக்குறி வெறுங்கட்டமாகவோ வினாக்குறியாகவோ மாறித் தோன்றுவதும் உண்டு. ஆகவே மூலத்தைத் திரையிற் கண்டு அமைதல் போதாது. செய்வோர் கையிற் சேரும் தாளை ஒருமுறை அச்சிட்டு, கையை நீட்டிப் பிடித்து வாசித்துப் பார்த்தலே தக்க சோதனையாகும்.

முடிவுரை

கையெழுத்து ஒருவரின் இயல்பைக் காட்டும் என்பர். கடிதத்திற்கு அது சிறப்பு. வரைபடக் குறிப்பிற்கோ, எழுதியவர் யார் எனத் தோன்றாமையே சிறப்பு. படவரைஞர் தம் கையின் தனித்தன்மையைத் துறந்து, எல்லார்க்கும் பொதுவான வடிவை மேற்கொள்வது, தாம் காணாத ஒருவர் தம்மைக் கேளாமலே அறிந்து கொள்ளற்பொருட்டாகும். புள்ளி பெறுவது அதன் சிறுபயன்; பிறர் உயிருக்கும் உழைப்புக்கும் பழுது நேராமை அதன் பெரும்பயன்.

அன்று என்னிடம் வந்த முதியவரிடம் யான் மூலப்படத்தைக் காட்டி, "பதினாறு என்றுதானே எழுதியிருக்கிறேன்" என்று கூறினேன். அவர் தம் கையிலிருந்த தாளை அதனருகே வைத்து, "எனக்குத் தந்தது இதுதானே, தம்பி" என்றார். மாணவர் ஒவ்வோராண்டும் வரைதற் பாடத்தைத் தொடங்கும் முதல்நாளில், கோடு வரையும் முன்னரே, பத்து எண்களையும் வழிகாட்டிக்கோடுகளுக்கிடையே எழுதுமாறு யான் பணிப்பேன். எழுதிய தாளை இருமுறை ஒளிப்பிரதி எடுத்து, அப்பிரதியை அடுத்த மேசையிலுள்ளவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்வேன். எழுதியவர் வாய்திறத்தல் ஆகாது என்பது அப்பயிற்சியின் ஒரே விதி.